ஏழடித் தண்ணீர்

வவுணதீவு,
19.06.2023

தம்பி நல்லரத்தினத்துக்கு,

நான் சுகம், நீயும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன் என்றுதான் தொடங்க வேண்டும். அம்மனை வேண்டியது உண்மை, ஆனால் வேறு விஷயத்துக்கு. அதைக் கீழே எழுதுகிறேன். மச்சாளும் உன் மகன் நிதுர்ஷனும் சுகம்தானே?

போன வெள்ளிக்கிழமை ஆலங்கண்டல் குளக்கட்டில் நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. கடைவட்டைக்காரர் பதினொரு பேர் வந்தோம். வட்டையின் வால்பக்கத்தில் நெல் செய்கிறவர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் கடைசியாகத்தான் வரும், இந்தச் சிறுபோகத்தில் அதுவும் வரவில்லை. நீ நீர்ப்பாசனக் கந்தோர் உத்தியோகத்தன். குளத்துத் தண்ணீரை விடுகிற துருசைத் திற என்றும் பூட்டு என்றும் சொல்கிறவன். அதைவிட, என் கூடப்பிறந்தவன். அந்த நம்பிக்கையில் சீனித்தம்பி அண்ணன் என்னை முன்னால் தள்ளினார். "நீ கேளு புள்ள, உன்ட தம்பிதானே" என்றார்.

நீ குளக்கரை விடுதியின் மனேச்சரோடு படகுத்துறையில் நின்றாய். நான் "தம்பி" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய். பிறகு பக்கத்தில் நின்ற பியோனுக்குச் சொன்னாய்: "இந்த அம்மாக்கு ஒரு தண்ணிப் போத்தல் குடுங்க. வெயில்ல நிக்கிறா."

இந்த அம்மா! உனக்குச் சோறு தீத்தினவள் உனக்கு இந்த அம்மாவா? நாலு ஏக்கருக்குத் தண்ணீர் கேட்டு வந்தவளுக்கு அரை லீற்றர் போத்தலைத் தந்து அனுப்பினாயே, வெட்கமில்லையா? அந்தப் பத்துப் பேருக்கும் முன்னால் நான் கூனிக்குறுகிப்போனேன். போத்தலை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அம்மனுக்குக் குளிர்த்தி பாடி இரண்டு கிழமை ஆகிறது. அவள் குளிர்ந்திருப்பாள். நான் குளிரவில்லை. அவள் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்திருக்கிறேன்: இனி இந்த வாயால் உன்னோடு ஒரு சொல் கதைக்கமாட்டேன். போன் எடுக்காதே, எடுத்தால் வெட்டுவேன். பாலம் தாண்டி வீட்டுக்கும் வராதே. சத்தியம் வாயைப் பற்றியதுதான், கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன், நீயும் எழுது. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, துருசை ஏன் பூட்டி வைத்திருக்கிறாய் என்று உன் கையால் எழுது.

இப்படிக்கு,
இந்த அம்மா
(சீதேவிப்பிள்ளை)


புளியந்தீவு,
27.06.2023

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இங்கு மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? தைலம் முடிந்திருந்தால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

அக்கா, என் வீட்டிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி உங்கள் வளவுக்கு வர அரை மணித்தியாலம்கூட ஆகாது. அதற்கு முத்திரை ஒட்டி, ஒரு கிழமை காத்திருந்து, கடிதம்! உங்கள் மச்சாள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். "உங்கட அக்காக்கு வாயில சத்தியம், கையில கத்தி" என்கிறாள். கோபிக்க வேண்டாம், பகிடிக்குச் சொன்னது.

அன்று நாம் நின்றது உத்தியோக இடம். நான் சொந்தம் கொண்டாடியிருந்தால் மறுநாளே "அக்காவுக்குத் தண்ணி விட்டான்" என்று எவனாவது பெட்டிசம் எழுதுவான். உங்களுக்கும் நல்லதுக்குத்தான் அப்படி நடந்துகொண்டேன்.

கேட்டதற்குப் பதில்: இன்று காலை அளவுப் பலகையில் எட்டடி நாலு அங்குலம். ஏழடிக்குக் கீழே இறங்க விடவேண்டாம் என்பது மேலிடத்துச் சொல். விடுதியின் படகுத்துறை ஏழடிக்குக் கணக்குப் பார்த்துக் கட்டியது. அதற்குக் கீழே போனால் படகுகள் சேற்றில் குந்திவிடும். ஓகஸ்ட் முழுக்க வெளிநாட்டுக்காரர் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். மழையும் இல்லை, வெயில் வேறு ஒரு பக்கத்தால் குடித்துக்கொண்டிருக்கிறது. மேல்வட்டைக்குக் கொஞ்சம் கசிய விடுகிறேன். கடைவட்டைவரை தள்ளுவதென்றால் ஒன்றரை அடி போய்விடும். இது நமக்குள் இருக்கட்டும்.

வயலை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புத் தம்பி,
நல்லரத்தினம்


வவுணதீவு,
02.07.2023

தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு அறிந்தேன். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. தைலம் வேண்டாம்.

படகு சேற்றில் குந்திவிடும் என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு வயலுக்குப் போனேன். நிலம் பாளம் பாளமாக வெடித்து, என் கால்விரல் இறங்குகிற அளவுக்கு ஆகிவிட்டது. இன்னும் இரண்டு கிழமையில் பயிர் குடலைக்கு வரும். கதிர் உள்ளுக்குள் கருக்கட்டுகிற நேரத்தில் ஒரு தண்ணீர் பாய்ந்தால் போதும், நாங்கள் பதினொரு குடும்பமும் தப்பிவிடுவோம். பாயாவிட்டால் வைக்கோல்தான். இது உனக்கு நான் படிப்பிக்க வேண்டிய விஷயமில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. மேலிடம், மேலிடம் என்கிறாயே, யார் அது? கடிதமாகத் தந்தார்களா, வாயால் சொன்னார்களா? நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் சொன்னவன் கையை விரித்துவிடுவான், பழி உன் தலையில் விழும். அதுதான் யோசனையாக இருக்கிறது.

மச்சாளுக்கு என் விசாரிப்பு. கையில் கத்தி இல்லை, பேனைதான் என்று சொல்.

அக்கா,
சீதேவிப்பிள்ளை


புளியந்தீவு,
11.07.2023

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். உங்கள் கோபம் தணிந்தது எழுத்திலேயே தெரிகிறது, சந்தோஷம். என்னைப் பற்றி யோசிக்க உங்களைவிட யார் இருக்கிறார்கள்?

கடிதம் ஒன்றும் வரவில்லை. எல்லாம் போனில்தான். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டாம், உங்கள் தம்பி இருபத்தாறு வருட சேவைக்காரன். பதிவேட்டில் நான் எழுதியிருப்பது "குடிநீர்த் தேவைக்காக ஏழடி ஒதுக்கம்" என்று. வரட்சிக் காலத்தில் குடிநீர் என்று எழுதினால் எவனும் கேள்வி கேட்கமாட்டான். ஆலங்கண்டல் குளத்திலிருந்து ஒரு வீட்டுக்கும் குழாய் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கொழும்பில் இருந்து பதிவேடு பார்க்கிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

இன்று எட்டடி. துருசு பூட்டியபடிதான். உங்களிடம் எனக்கு என்ன ஒளிப்பு, அதனால்தான் எழுதினேன். வாசித்ததும் அடுப்பில் போடுங்கள்.

தம்பி,
நல்லரத்தினம்


புளியந்தீவு,
20.07.2023

அன்புள்ள அக்கா,

பதில் இல்லை. சுகமில்லையோ என்று உங்கள் மச்சாள் பயப்படுகிறாள். நேற்று போன் எடுத்தேன், சொன்னபடியே வெட்டிவிட்டீர்கள். வெட்ட முடிகிறது என்றாலே ஆள் சுகம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அக்கா, நான் கல் இல்லை. ஒரு வழி யோசித்திருக்கிறேன். 30ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடுதிக்காரர்கள் கொழும்புக்குப் போகிறார்கள். அன்று பின்னேரம் சின்னத் துருசை இரண்டு மணித்தியாலம் திறக்கிறேன். வாய்க்கால் வழியில் மற்றவர்களின் வயலுக்குத் தண்ணீர் இறங்குகிற வக்கடைகளை மண் போட்டு அடைத்துவிட்டால் தண்ணீர் வழியில் யாருடைய வரம்புக்குள்ளும் நுழையாமல் நேரே உங்கள் நாலு ஏக்கருக்கு வந்து சேரும். அடைக்க நான் இரண்டு ஆட்களை அனுப்புகிறேன். மற்றவர்கள் கேட்டால் ஊற்று என்று சொல்லுங்கள்.

ஓம் என்று ஒரு சொல் எழுதி அனுப்புங்கள், போதும்.

தம்பி,
நல்லரத்தினம்


வவுணதீவு,
03.08.2023

அன்புத் தம்பி நல்லரத்தினத்துக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். பதில் பிந்தியதற்கு மனம் நோகாதே.

உன் யோசனைக்கு நான் ஓம் எழுதவில்லை, ஞாயிறும் போய்விட்டது. சீனித்தம்பி அண்ணனின் வக்கடையை அடைத்துவிட்டு அவருக்குப் பக்கத்து வயலில் நான் மட்டும் பச்சையாக நிற்க முடியுமா? அவர் என்ன பேயரா, ஊற்று என்றால் நம்ப? அது முடிந்த கதை. இனி நம் இருவருக்குள் தண்ணீர்க் கதை வேண்டாம்.

இப்போது எழுதுவது நல்ல விஷயம். ஆரையம்பதியில் ஒரு இடம் இருக்கிறது. பெண் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், குணமான பிள்ளை, வீடும் வளவும் உண்டு. தாய்க்காரி என்னிடம் நிதுர்ஷனைப் பற்றிக் கேட்டாள். "பொடியன் என்ன செய்யுறான்? அவன்ட பேரில என்ன இரிக்கு?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமிக்காரி மருமகனைப் பற்றித் தெரியாமல் நின்றால் நன்றாகவா இருக்கிறது? அவன் தொழில் என்ன, அவன் பெயரில் என்ன உண்டு, எப்படிக் கிடைத்தது, எல்லாம் விபரமாக எழுது. காட்டிக் கதைக்க வசதியாக இருக்கும்.

அன்பு அக்கா,
சீதேவிப்பிள்ளை


புளியந்தீவு,
10.08.2023

என் அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து உங்கள் மச்சாள் அழுதேவிட்டாள். "பாத்தீங்களா, அக்கா மனசு எப்பவும் அக்கா மனசுதான்" என்றாள். இரண்டு மாதமாக என் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் மிக்க நலம்.

பெண் வீட்டாருக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆலங்கண்டல் விடுதியில் ஓடுகிற ஆறு படகில் இரண்டு நிதுர்ஷனின் பெயரில் இருக்கின்றன. பதிவுப் புத்தகத்தையே காட்டலாம். நான் கேட்கவில்லை அக்கா, கொம்பனியே தந்தது. மாசி மாதம் மனேச்சர் வீட்டுக்கு வந்து, "ஐயா குளத்த ஏழடியில வெச்சித் தாங்க, தம்பிக்கு ரெண்டு போட் நாங்க தாறம்" என்றான். நம் பிள்ளை வெளிநாடு போகாமல் கண்முன்னால் இருப்பான் என்று நானும் சம்மதித்தேன். ஓகஸ்ட் 30 போயா விடுமுறைக்கு அங்கே பெரிய படகோட்டப் போட்டி. அதைத் தொடங்கிவைப்பதே நிதுர்ஷனின் படகுதான். இன்று ஏழடி ஏழு அங்குலம், அதுவரை தாராளமாக நிற்கும்.

பெண் வீட்டாரைப் போட்டி பார்க்கக் கூட்டி வாருங்களேன். நீங்களும் படகில் ஏறலாம். அன்றைக்காவது வாய் திறந்து கதைப்பீர்களா?

உங்கள் தம்பி,
நல்லரத்தினம்


வவுணதீவு,
25.08.2023

நல்லரத்தினத்துக்கு,

நான் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

ஆரையம்பதியில் பெண் இல்லை.

உன் கடிதங்களை நான் அடுப்பில் போடவில்லை. எல்லாம் தேதியோடும் கையெழுத்தோடும் என் றங்குப்பெட்டிக்குள் இருந்தன. 17ஆம் தேதி சீனித்தம்பி அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய் உங்கள் கந்தோர் முறைப்பாடுகளை விசாரிக்கிற பெரியவரின் கையில் கொடுத்தேன். அவர் குடிநீர்க் கடிதத்தை ஒருதரம் வாசித்தார், படகுக் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத எழுதினவர் உங்களுக்கு யாரம்மா?" என்று கேட்டார். என் தம்பி என்றேன். யாரென்று கேட்டால் நான் உள்ளதைச் சொல்லுவேன், உன்னைப்போல இல்லை.

முதலில் எனக்கு இந்த எண்ணம் இல்லை. சத்தியம் உண்மையான சத்தியம், எழுதக் கேட்டது உண்மையாகத் தண்ணீருக்குத்தான். குடிநீர் என்று பதிந்ததைப் பகிடிபோல நீ எழுதினாயே, அன்றைக்குத்தான் மனம் திரும்பியது. அதற்குப் பிறகு நான் சுகம் விசாரித்ததெல்லாம் தூண்டில்தான். நிதுர்ஷன் சுகமா, என்ன செய்கிறான் என்று கேட்டால் எந்தத் தகப்பனுக்கும் கை நிற்காது. உனக்கும் நிற்கவில்லை.

22ஆம் தேதி துருசு திறந்தார்கள். மேல்வட்டையில் பாதி தப்பும் என்கிறார்கள். எங்கள் கடைவட்டைக்கு மறுநாள் தண்ணீர் வந்தது. வந்து எரிந்த நெல்தாளைத்தான் நனைத்தது. மாட்டை அவிழ்த்து விட்டோம், தின்னட்டும்.

நேற்றுக் குளக்கட்டுக்குப் போனேன். ஐந்தடிக்கு வந்துவிட்டது. படகு ஆறும் சேற்றில் சரிந்து கிடக்கின்றன. உன் மகனுடைய இரண்டையும் நிறத்தை விசாரித்து அடையாளம் கண்டேன். வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தேன். ஒருவரும் எனக்குப் போத்தல் தரவில்லை, தேவைப்படவும் இல்லை. மனம் நிறைந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

மச்சாள் அழுதாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்காக மட்டும் கொஞ்சம் யோசித்தேன்.

சீதேவிப்பிள்ளை


புளியந்தீவு,
21.09.2023

திருமதி சீதேவிப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு ஒருவரும் நலமாக இல்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். நிதுர்ஷன் என்னோடு கதைப்பதில்லை. படகை விட அந்தப் பெண்ணைத்தான் அவன் மனதில் வைத்திருந்தான், ஆரையம்பதிக்குப் போய் அப்படி ஒருத்தி எந்தப் பள்ளிக்கூடம் என்றுகூட விசாரித்திருக்கிறான். அவன் உங்களுக்கு என்ன பிழை செய்தான்?

எனக்கு இப்போது நிறைய நேரம். உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துத் தேதி தேதியாகப் பார்த்தேன். குடிநீர் என்று நான் எழுதிய கடிதத்தின் தேதி யூலை 11. எப்படியும் 15ஆம் தேதி உங்கள் கையில் இருந்திருக்கும். உங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது. அன்றைக்குக் குளத்தில் எட்டடி. கடைவட்டைப் பயிர் குடலையில். அன்றே கொடுத்திருந்தால் இதே பெரியவர் இதே துருசை ஐந்து நாளில் திறந்திருப்பார். பதினொரு குடும்பமும் நெல் அள்ளியிருக்கும். எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதமும் இடமாற்றமும் வந்திருக்கும், அவ்வளவுதான். அவ்வளவு உங்களுக்குப் போதவில்லை.

ஓகஸ்ட் 17 வரை முப்பத்துமூன்று நாள் அந்தத் தாளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு என் மகனுக்குப் பெண் பார்க்கிறேன் என்று எழுதினீர்கள். நான் படகுக்காகத் தண்ணீரைப் பூட்டினேன். நீங்கள் எனக்காகத் தண்ணீரைப் பூட்டினீர்கள். கடைவட்டையை எரித்தது நான் ஒருவன் மட்டுமில்லை.

உங்களை வட்டைவிதானையாகத் தெரிவுசெய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வட்டைத் தண்ணீருக்கும் துருசுச் சாவிக்கும் நீங்கள் பொறுப்பு! நல்லது. ஒக்டோபர் 7 பெரும்போகக் கூட்டத்துக்கு நானும் வருவேன். உங்கள் கடிதங்களை எல்லோருக்கும் கேட்க வாசிப்பேன்.

நல்லரத்தினம்


வவுணதீவு,
08.10.2023

நல்லரத்தினத்துக்கு,

மச்சாளின் சுகத்தைக் கேட்கிறேன். இது தூண்டில் இல்லை. நம்புவதும் விடுவதும் உன் விருப்பம்.

நேற்றுக் கூட்டத்துக்கு நீ வரவில்லை. பலநோக்கு மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீதான் என்று எட்டிப் பார்த்தேன். பதினொரு மணிவரை வரவில்லை. உனக்கு மனம் வரவில்லையா, அல்லது நான் காத்திருந்து சாக வேண்டும் என்று இருந்துவிட்டாயா தெரியாது.

சீனித்தம்பி அண்ணன் எழும்பி என் பெயரைச் சொன்னார். "நம்மட வட்டைக்காகத் தம்பியெண்டும் பாக்காம நிண்டவ. அவவிட கையில சாவியக் குடுப்பம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தார்கள். நீ வரவில்லை, கடிதமும் வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு எடுத்திருக்கலாம். நம்மட வட்டைக்காக என்றாரே, அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழும்பி நின்று சொன்னேன். "உங்களுக்காகச் செய்யல்ல. என்னை இந்த அம்மா எண்டவன விழுத்தத்தான் செய்தனான். அவன விழுத்தப் போதுமான கடிதம் முன்னமே வந்திட்டு. அவன் இன்னும் ஆழமா விழ வேணும் எண்டு பெட்டிக்குள்ள வெச்சிருந்தனான்."

சீனித்தம்பி அண்ணன் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "எப்ப வந்த கடிதம் புள்ள?"

"யூலை பதினஞ்சு."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப என்ட நெல்லு குடலை" என்றார். ஏசவில்லை. தோளில் கிடந்த சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். சாவியைக் கந்தோர்ப் பொடியன் எடுத்துக்கொண்டு போனான்.

இன்று காலை வாய்க்கால் துப்புரவு. என்னைக் கூப்பிடவில்லை. மண்வெட்டியோடு நானாகப் போய் வால்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினேன். அவர்கள் மேலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். மத்தியானம் இரண்டு பக்கமும் நடுவில் வந்து முட்டியது. சீனித்தம்பி அண்ணனின் மருமகள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். என்னைத் தாண்டிப் போய் அடுத்தவருக்கு ஊற்றினாள்.

உன் கடிதத்தில் எழுதியது சரி. முப்பத்துமூன்று நாளும் சரி, எண்ணிப் பார்த்தேன். நிதுர்ஷனுக்கு நான் செய்தது பாவம், அதை அவனிடம் நேரில் சொல்லுவேன், அவனோடு கதைக்க எனக்குச் சத்தியம் இல்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன்னை விழுத்தியதற்கு எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. இன்னொருமுறை நேர்ந்தால் இன்னொருமுறையும் விழுத்துவேன். ஆனால் யூலை பதினைந்தாம் தேதியே விழுத்துவேன்.

சீதேவிப்பிள்ளை